கால்சினேஷன்: நீற்றலா, புடமா, வறுத்தலா?

மதுரையில் காளவாசல் என்றால் பைபாஸ் ரோட்டு சிக்னல்தான் நினைவுக்கு வரும். சொல்லின் பொருள் சூளை. செங்கல் சுடும் இடத்தைத் தென்மாவட்டங்களில் இன்றும் அப்படித்தான் சொல்கிறோம். தாதுவை உருகாமல் சுடுவதைக் குறிக்கும் கால்சினேஷனும் சூளையில் பிறந்த சொல்லே. அதற்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்பதுதான் இங்கே கேள்வி. லத்தீனில் ‘கால்க்ஸ்’ என்றால் சுண்ணாம்பு. சுண்ணாம்புக்கல்லைச் சுட்டு கரியமில வாயுவை வெளியேற்றும் வேலைக்கு வைத்த பெயர், நாளடைவில் எந்தத் தாதுவைச் சூடாக்கினாலும் ஒட்டிக்கொண்டது. வம்பு அங்கேதான் தொடங்குகிறது.

குரோமைட்டை எடுத்துக்கொள்வோம். எவர்சில்வருக்குத் துருப்பிடிக்காத குணம் தரும் குரோமியத்தின் தாது. இந்தியாவில் பெரும்பகுதி ஒடிசாவின் சுகிந்தாவில் வெட்டுகிறார்கள். நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டிப் பாறைகளிலும் உண்டு. இதன் படிகம் ஸ்பினல் வகை. நெருக்கி அடுக்கிய ஆக்சிஜன்களுக்கு நடுவே நான்முகித் துளைகளில் (சுற்றி 4 ஆக்சிஜன்) இரும்பும் மக்னீசியமும், எண்முகித் துளைகளில் (சுற்றி 6 ஆக்சிஜன்) குரோமியமும் அலுமினியமும் உட்கார்ந்திருக்கும். கணக்கு கறார்: 4 ஆக்சிஜனுக்கு 3 உலோக அயனி.

காற்றில் சூடாக்கினால் இரும்பு 2+ நிலையிலிருந்து 3+ நிலைக்குப் போகும். அதற்கு ஆக்சிஜன் வேண்டும், வெளியிலிருந்து வாங்கிக்கொள்கிறது. உடனே பழைய கணக்கு உதைக்கிறது. 3 ஆக்சிஜனுக்கு 2 உலோகம் என்ற விகிதத்தில் ஒரு பகுதி பிரிந்து, குருந்தக்கல்லின் அமைப்புள்ள ஆக்சைடாக ஸ்பினலின் எண்முகத் தளங்களை ஒட்டிப் படிகிறது. மெருகிட்ட துண்டை நுண்ணோக்கியில் பார்த்தால் சாம்பல் பரப்பில் வெளிர்ந்த கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும்.

எடையைப் பாருங்கள். 100 கிராம் தூய சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் 56 கிராம்தான் மிஞ்சும். 100 கிராம் தூய இரும்புக் குரோமைட்டில் உள்ள இரும்பு முழுக்க ஆக்சிஜனேற்றம் அடைந்தால் ஏறத்தாழ 103.6 கிராம் ஆகும்! ஒன்று இழக்கிறது, மற்றது ஏற்கிறது. இரண்டுக்கும் ஒரே பெயர் எப்படிப் பொருந்தும்?

தமிழில் என்ன சொல்லலாம்? ‘நீற்றுதல்’ பழைய சொல். அப்பரை இட்டதாகச் சொல்லும் நீற்றறை சுண்ணாம்புக் காளவாசல்தான். ஆனால் சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் விட்டுப் பொடியாக்குவதும் நீற்றுதலே, அதனால் குழப்பம். பாடநூல் தமிழில் வரும் ‘காற்றில்லா வறுத்தல்’ எனக்கு ஒட்டவில்லை. வறுப்பது திறந்த வாணலியில் அல்லவா? சித்த மருத்துவத்தில் மருந்தை அகலில் வைத்து, மேலே ஓர் அகல் கவிழ்த்து, சீலைமண் பூசி, வறட்டி அடுக்கித் தீயிடுவார்கள். அது புடம். வடமொழியிலிருந்து வந்த சொல்தான், இருந்தாலும் மூடிய சூட்டுக்கு அதைவிடப் பொருத்தமாக எதுவும் கண்ணில் படவில்லை.

ஆகவே காற்றுள்ள உலையில் சூடாக்கிய குரோமைட் வறுத்தது. எதனோடும் வினைபுரியாத ஆர்கான் வாயுவில் சூடாக்கியது புடமிட்டது. அங்கே புது ஆக்சைடுக் கோடுகள் விழாது, மக்னீசியமும் அலுமினியமும் கொஞ்சம் இடம் மாறிக்கொள்ளும், குரோமியம் மட்டும் எண்முகித் துளையை எளிதில் விடாது. கரியோடு சேர்த்து மின்வில் உலையில் இடுவது இரண்டிலும் சேராது. முதலில் இரும்பும் பிறகு குரோமியமும் ஆக்சிஜனை இழந்து, இரண்டும் கலந்த ஃபெர்ரோகுரோம் உலோகமாக ஓடும். அதற்கு ‘உருக்கி ஒடுக்குதல்’ என்றே எழுதலாம்.