திட்டுக்குப் பயந்து தாமதமாக வரும் குழந்தைகள்

குழந்தை எதை விழுங்கியது, எப்போது விழுங்கியது? அவசரப் பிரிவில் எங்களுடைய முதல் இரண்டு கேள்விகள் இவைதான். பதில் சரியாகக் கிடைத்தால் வைத்தியம் உடனே தொடங்கிவிடும். பல வீடுகளில் அந்தப் பதில் யாரோ ஒருவருக்குத் தெரிந்தே இருக்கிறது. திட்டுக்குப் பயந்து வாயைத் திறப்பதில்லை. பெரும்பாலும் அது இன்னொரு குழந்தை. சில சமயம் பாட்டி. பேரனைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பில் இருந்தவர், மகன் என்ன சொல்வானோ என்று தயங்கித் தயங்கி நிற்பார்.

ஒரு மூன்று வயதுப் பையன். (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) காலையிலிருந்து சாப்பிடவில்லை, எச்சில் ஒழுகிக்கொண்டே இருந்தது. தொண்டைப்புண் என்று நினைத்து வீட்டிலிருந்த சிரப்பைக் கொடுத்துப் பார்த்துவிட்டு அழைத்து வந்தார்கள். எக்ஸ்ரேயில் உணவுக்குழாயின் மேல்பகுதியில் வட்டமாக ஏதோ தெரிந்தது. "காசை முழுங்கிட்டான் போல" என்றார் அப்பா. விளிம்பை உற்றுப் பார்த்தால் வட்டத்துக்குள் இன்னொரு வட்டம். பட்டன் பேட்டரியின் அடையாளம் அது. கதவோரம் நின்றிருந்த எட்டு வயது அண்ணன் அழ ஆரம்பித்தான். முந்தின நாள் சாயங்காலம் விளக்கு எரியும் பொம்மையைப் பிரித்தது அவன்தான். தம்பி வாயில் போட்டதையும் பார்த்திருக்கிறான். "சொன்னா அப்பா அடிப்பாரு" என்றான்.

ரிமோட்டிலும் எடை பார்க்கும் மெஷினிலும் பொம்மையிலும் இருக்கும் 20 மில்லிமீட்டர் அகல லித்தியம் பேட்டரி, சிறு குழந்தையின் உணவுக்குழாயில் அப்படியே சிக்கிக்கொள்ளும். எச்சிலின் ஈரத்தில் மின்சாரம் ஓடி, அந்த இடத்தில் காரம் (ஆல்கலி) உண்டாகிச் சதையை அரிக்கும். 2 மணி நேரத்திலேயே ஆழமான புண் விழுந்துவிடும். ரிமோட்டுக்கு உதவாது என்று தூக்கிப் போட்ட பழைய பேட்டரியும் இதைச் செய்யும். அந்தப் பையனுக்கு எண்டோஸ்கோபி வழியாக எடுத்தோம். பிழைத்துக்கொண்டான். ஆனால் புண் ஆறும்போது உணவுக்குழாய் சுருங்கிப்போனதால், அதை விரிக்க மீண்டும் மீண்டும் மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருந்தது. முந்தின நாளே தெரிந்திருந்தால் இந்த அளவுக்குப் போயிருக்காது.

பட்டன் பேட்டரியை விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே கிளம்பிவிடுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள், சாப்பாடும் தண்ணீரும் கொடுக்காதீர்கள். விழுங்கி 12 மணி நேரத்துக்குள் என்றால், குழந்தைக்கு ஒரு வயது தாண்டியிருந்தால், விழுங்க முடிகிற நிலையிலும் இருந்தால், போகிற வழியில் 10 நிமிடத்துக்கு ஒரு முறை 10 மில்லி தேன் கொடுக்கலாம். ஆறு முறைக்கு மேல் வேண்டாம். தேன் அரிப்பின் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். தேனைத் தேடி நேரத்தைக் கழிக்காதீர்கள்.

மண்ணெண்ணெய், தின்னர், பாத்ரூம் ஆசிட் விஷயத்திலும் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கிற பழக்கம் இன்னும் இருக்கிறது. செய்யவே கூடாது. மண்ணெண்ணெய் வாந்தியோடு நுரையீரலுக்குள் போய்விடும். ஆசிட் ஏறி வரும்போது இரண்டாம் முறை சுடும். தெருவில் வண்டியில் வரும் ஆசிடைக் காலி கூல்டிரிங்ஸ் பாட்டிலில் வாங்கி வைக்காதீர்கள். எலி பேஸ்ட் வீட்டில் இருக்கவே வேண்டாம். அதிலுள்ள மஞ்சள் பாஸ்பரஸுக்கு மாற்று மருந்து கிடையாது. முதல் ஒன்றிரண்டு நாள் குழந்தை நன்றாக விளையாடும், அதன் பிறகுதான் கல்லீரல் கெடும். "நல்லாத்தானே இருக்கான்" என்று காத்திருப்பது இதில் பேராபத்து.

ஃபோன் விஷயத்துக்கு வருகிறேன். அங்கும் இதே பயம்தான் நேரத்தைத் தின்கிறது.

பதின்மூன்று வயதுப் பெண், வாரக்கணக்கில் வயிற்றுவலி. ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் சரியாக இருந்தன. தூக்கமில்லை, பள்ளிக்குப் போக மறுக்கிறாள். அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுத் தனியாகப் பேசினேன். கேமில் பழக்கமான ஒருவன், தன்னையும் பள்ளி மாணவன் என்று சொல்லிக்கொண்டு தனி சாட்டுக்கு அழைத்திருக்கிறான். கொஞ்ச நாளில் ஒரு படம் கேட்டு வாங்கியிருக்கிறான். அதை வைத்து இன்னும் படம் அனுப்பு, இல்லையென்றால் உன் கிளாஸ் குரூப்பில் போடுவேன் என்று மிரட்டல். "அம்மாகிட்ட மட்டும் சொல்லாதீங்க டாக்டர், ஃபோனைப் பிடுங்கிடுவாங்க, படிப்பை நிறுத்திடுவாங்க" என்றாள்.

யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று இப்படிப்பட்ட குழந்தைகளுக்கு நான் வாக்குக் கொடுப்பதில்லை. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, 18 வயதுக்குட்பட்டவருக்கு எதிரான பாலியல் குற்றம் தெரிய வந்தால் காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். அதை அவளிடமே சொல்லி, அம்மாவிடம் எப்படிச் சொல்லலாம் என்று சேர்ந்து யோசித்தோம். அம்மா கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "இத்தனை நாள் நீ மட்டும் பயந்துட்டு இருந்தியா?" என்று பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அன்று இரவு அவள் தூங்கினாளாம். அந்த அம்மாவை நான் மனதாரப் பாராட்டுகிறேன். "உனக்கு எதுக்கு இந்த வேலை?" என்று ஆரம்பித்திருந்தால் அவள் மீதியைச் சொல்லியிருக்க மாட்டாள்.

காவல் நிலையம் என்றாலே பெற்றோர் பின்வாங்குகிறார்கள். குழந்தையின் பெயர், படம், பள்ளி எதையும் ஊடகங்கள் வெளியிடச் சட்டம் அனுமதிப்பதில்லை. வாக்குமூலத்தை வீட்டிலேயே வாங்கலாம். முடிந்தவரை பெண் அதிகாரியே, சீருடை இல்லாமல் வந்து வாங்க வேண்டும். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் குழந்தைகளுக்கான உதவி எண் 1098க்கு அழையுங்கள், இரவிலும் எடுப்பார்கள். சைபர் குற்றங்களுக்கான தேசிய இணையதளத்திலும் புகார் செய்யலாம்.

மிரட்டுகிறவனுக்குப் பணமோ இன்னொரு படமோ கொடுத்தால் மறுபடியும் கேட்பான். கோபத்தில் அவனைத் திட்டி எழுதாதீர்கள், சாட் மெசேஜ்களை அழித்துவிடாதீர்கள். அவன் ஐடி, ப்ரொஃபைல் லிங்க், மிரட்டிய வரிகள் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்த பிறகு பிளாக் செய்யுங்கள். குழந்தையின் அந்தப் படத்தை மட்டும் யாருக்கும் அனுப்பாதீர்கள், உதவி கேட்டுக்கூட, நெருங்கிய உறவினருக்குக்கூட. அனுப்பினால் அது இன்னும் பரவும். சட்டப்படி அதுவே குற்றமாகவும் ஆகலாம். ‘டேக் இட் டவுன்’ என்று ஓர் இலவச சேவை இருக்கிறது. படம் உங்கள் ஃபோனை விட்டு வெளியே போகாமலே அதற்கு ஓர் எண் அடையாளம் உண்டாக்கி, இதில் சேர்ந்துள்ள தளங்களில் அந்தப் படம் தென்பட்டால் நீக்க உதவும். வாட்ஸ்அப்பில் தனித்தனியாக அனுப்பிக்கொள்வதை இதனால் பிடிக்க முடியாது.

விசாரணைக்காகக் குழந்தையின் ஃபோனை வாங்கி வைக்க வேண்டி வந்தால், ஏன் வாங்குகிறீர்கள், எப்போது திருப்பித் தருவீர்கள் என்று அப்போதே சொல்லிவிடுங்கள். அதுவரை தோழிகளோடு பேச வீட்டிலுள்ள வேறு ஃபோனைக் கொடுங்கள்.