சர்வரில் வைத்த பிஎஸ்டி ஃபைல் ஏன் கெட்டுப்போகிறது?

கடலூர், புதுச்சேரிப் பக்கம் பல ஆடிட்டர் ஆபீஸ்களில் ஒரு வழக்கம் உண்டு. மைக்ரோசாஃப்ட்டின் மெயில் மென்பொருளான அவுட்லுக்கில் மெயில்கள் சேரும் பிஎஸ்டி ஃபைலை ஆளாளுக்கு சர்வரில் ஒரு ஃபோல்டர் போட்டு அதிலேயே வைத்துக்கொள்வார்கள். சர்வருக்குத்தான் தினமும் பேக்கப் ஓடுகிறதே, மெயிலும் பத்திரம் என்று நினைப்பு. உண்மையில் மெயிலுக்கு இதைவிட ஆபத்தான இடம் இல்லை.

பிஎஸ்டிக்குள் இருப்பது ஒரு சின்ன டேட்டாபேஸ். மெயில்கள் துண்டு துண்டாகக் கிடக்கும். எந்தத் துண்டு எங்கே என்று சொல்ல, பி-ட்ரீ என்கிற கிளைவிட்ட அட்டவணை. எந்த இடம் காலி என்பதற்குத் தனிக் குறிப்பு. எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு தலைப்பகுதி. ஒரே ஒரு மெயில் வந்தாலும் இத்தனை இடத்திலும் எழுதியாக வேண்டும். பேரேட்டில் வரவை எழுதிவிட்டு, முன்பக்க அட்டவணையில் பக்க எண்ணைப் போடுவதற்குள் நோட்டைப் பிடுங்கிக்கொண்டால் எப்படி இருக்கும்? பாதியில் அறுந்த எழுத்து அப்படித்தான்.

சொந்த ஹார்ட் டிஸ்க்கில் இந்த வேலை கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். நெட்வொர்க்கில் ஒவ்வொரு சின்ன எழுத்தும் கேபிள் வழியே போய்ப் பதில் வர வேண்டும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலும் 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சலும் கரையைக் கடந்த ஊர்கள் இவை. ஐப்பசி, கார்த்திகையில் கரண்ட் போவது புதிதல்ல. கம்ப்யூட்டருக்கு யூபிஎஸ் இருக்கும், சர்வருக்கும் இருக்கும். நடுவில் இரண்டின் கேபிள்களையும் இணைத்துச் சுவரோரம் தொங்குகிற நெட்வொர்க் சுவிட்ச் பெட்டி? பல இடங்களில் அது சாதாரண பிளக்கில்தான் செருகியிருக்கும். கரண்ட் போனதும் இரண்டு முனையும் உயிரோடு இருக்க, இணைப்பு மட்டும் அறுந்துபோகிறது. அவுட்லுக் எழுதிக்கொண்டிருந்த ஃபைல் அந்தரத்தில் நிற்கிறது. பிஎஸ்டியை நெட்வொர்க்கில் வைத்துப் பயன்படுத்த வேண்டாம் என்று மைக்ரோசாஃப்ட்டே சொல்லியிருக்கிறது.

சரி, பேக்கப்பாவது நடக்கிறதா? அவுட்லுக் திறந்திருக்கும்வரை ஃபைல் பூட்டிக் கிடக்கும். ஆபீஸ் முடிந்து மூடாமல் போனால், சாதாரணக் காப்பி வேலை அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். எது நகலானது, எது விடுபட்டது என்று பேக்கப் குறித்துவைக்கும் லாக் ஃபைலைத் திறந்து பார்ப்பவர்களுக்கு மட்டுமே இது தெரியும். மூடியிருந்தாலும் இன்னொரு சிக்கல்: அவுட்லுக்கைத் திறந்து மூடினாலே ஃபைல் மாறிவிடும். ஒரு மெயில் கூடியதற்காக 10 ஜிபி ஃபைல் முழுவதையும் நகலெடுக்க வேண்டும். 100 எம்பிபிஎஸ் நெட்வொர்க்கில் அதற்குக் குறைந்தது 13 நிமிடம். இருபது பேருக்கு நாலு மணி நேரத்துக்கும் மேல்.

பிஎஸ்டி அவரவர் கம்ப்யூட்டரிலேயே இருக்கட்டும். சாயங்காலம் அவுட்லுக்கை மூடியபின் விண்டோஸோடு வரும் ரோபோகாப்பி போன்ற நகலெடுக்கும் கருவி ஒன்றை வைத்து சர்வருக்கு நகலெடுங்கள். தேதிவாரியாகப் பல நகல்கள் வேண்டும். ஒரே நகலின் மேல் எழுதினால், கெட்ட ஃபைல் போய் நல்லதை அழித்துவிடும். ஒரு நகல் கடலோரத்தை விட்டுத் தள்ளி, வேறு ஊரிலோ கிளவுடிலோ இருக்க வேண்டும். இதைவிட நல்லது, மெயிலை சர்வரிலேயே வைத்துக்கொள்ளும் ஐமேப் அல்லது எக்ஸ்சேஞ்ச் வகைக் கணக்குக்கு மாற்றுவது. அப்போது மூலம் மெயில் சர்வரில் இருக்கும். கம்ப்யூட்டரில் அவுட்லுக் வைத்துக்கொள்ளும் ஓஎஸ்டி ஃபைல் வெறும் பிரதி, கெட்டால் அழித்துவிட்டுத் திரும்ப இறக்கிக்கொள்ளலாம்.

ஏற்கெனவே கெட்டுப்போன பிஎஸ்டி கையில் இருந்தால், முதலில் அதை அப்படியே ஒரு நகல் எடுத்துவையுங்கள். அப்புறம் அந்த நகலின் மேல் ஸ்கேன்பிஎஸ்டியை ஓட்டுங்கள். அவுட்லுக்கோடு வரும் இந்தக் கருவி அட்டவணையைச் சரிசெய்து கட்டும். சேர்க்க முடியாத துண்டுகளைக் கழித்துவிடவும் செய்யும்.