1.6 ராக்கர் வாங்குமுன் அளந்து பார்க்க வேண்டியவை

செவ்ரோலே ஸ்மால் பிளாக் வி8 கட்டக் கொடுப்பவர்களில் பலர் கேட்கும் கேள்வி: "கேமைத் தொடாமல் 1.6 ராக்கர் மட்டும் மாட்டினால் பவர் ஏறுமா?" ராக்கர் என்பது, கேம் என்ற சுழலும் தண்டு தூக்குவதைச் சில மடங்காக்கி வால்வைத் திறக்கும் நெம்புகோல். 1.6 என்பது அந்த மடங்கு. பவர் ஏறும், ஆனால் கொஞ்சம்தான். வால்வு கவரைக் கழற்றி, மாட்டி, மூடிவிடும் வேலை என்று நினைத்தால்தான் தொல்லை. அப்படி மாட்டிய இன்ஜின்கள் கொஞ்ச நாளில் நீலப் புகையோடு பட்டறைக்கு வருவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

முதலில் கணக்கு. 1955-ல் வந்த முதல் ஸ்மால் பிளாக்கிலிருந்தே கம்பெனி விகிதம் 1.5. கேமின் லோப் (அதிலுள்ள மேடு) 0.300 அங்குலம் தூக்கினால் வால்வு 0.450 திறக்கும். அதே கேமில் 1.6 போட்டால் 0.480. லோப் மாறவில்லை, ஆனாலும் வால்வு வேகமாகத் திறப்பதால் அதன் பக்கம் அளக்கும் டியூரேஷனும் (வால்வு திறந்திருக்கும் காலம், கிராங்க் சுழலும் டிகிரியில்) சில டிகிரி கூடும். ஃபோர்டு 302-க்குக் கம்பெனியிலேயே 1.6, செவ்ரோலே பிக் பிளாக்குக்கு 1.7. அதனால் எண் பெரிது என்பதற்காக அது ரேஸ் சாமான் ஆகிவிடாது.

1996 கார்வெட்டின் எல்டி4 இன்ஜினை உதாரணம் காட்டுபவர்கள் உண்டு. அதே காரின் வழக்கமான இன்ஜினான எல்டி1 300 குதிரைத்திறன், 1.6 ரோலர் ராக்கரோடு வந்த எல்டி4 330. உண்மைதான். ஆனால் அதில் சிலிண்டர் ஹெட், இன்டேக், கேம், வால்வு ஸ்பிரிங் எல்லாமே வேறு. அந்த 30-ஐ ராக்கர் கணக்கில் எழுதக்கூடாது.

அடுத்து ஹெட். பழைய கம்பெனி ஹெட்டுகள் பலவற்றில் 0.450 தாண்டிய பிறகு காற்றோட்டம் பெரிதாகக் கூடுவதில்லை. அங்கே வால்வை இன்னும் 0.030 தூக்கினால் ஸ்பிரிங்குக்குப் பாரம்தான் மிச்சம். நல்ல அலுமினிய ஹெட் போட்டிருந்தால் கதை வேறு.

நான் அதிகம் பயப்படுவது ரீட்டெய்னருக்கும் (வால்வுத் தண்டின் மேல்முனையில் ஸ்பிரிங்கைப் பிடிக்கும் தட்டு) வால்வு சீலுக்கும் (தண்டு வழியே எண்ணெய் இறங்காமல் தடுக்கும் ரப்பர்) உள்ள இடைவெளியைப் பற்றித்தான். செவ்ரோலேயின் வோர்டெக் ஹெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். திருத்தாத நிலையில் கிட்டத்தட்ட 0.460 லிஃப்டிலேயே இடம் தீர்ந்துவிடுகிறது. 0.480-க்குத் திறந்தால் ஒவ்வொரு சுற்றிலும் ரீட்டெய்னரின் அடிப்பாகம் சீலின் தலையில் குத்தும். ஸ்பிரிங்கைக் கழற்றிப் பார்த்தால் சீலின் மேல் விளிம்பு நசுங்கி, ரப்பர் துணுக்குகள் வால்வுத் தண்டு நகரும் கைடைச் சுற்றி ஒட்டியிருக்கும். புகை அங்கிருந்துதான். கவனிக்காமல் இன்னும் ஓட்டினால் புஷ்ராட் (ராக்கரைத் தள்ளும் கம்பி) வளையும், ஹெட்டில் பிரஸ் செய்த ஸ்டட் (ராக்கரைத் தாங்கும் ஆணி) மேலே கிளம்பும்.

அளக்கும் முறை கடினமில்லை. ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு மெல்லிய செக்கிங் ஸ்பிரிங் போடுங்கள். லோப்புக்கும் புஷ்ராடுக்கும் நடுவே உட்காரும் ஹைட்ராலிக் லிஃப்டர் அமுங்கிவிடும், எனவே அளக்கும்போது மட்டும் சாலிட் லிஃப்டர். ரீட்டெய்னர் மேல் டயல் கேஜ் வைத்து கிராங்கைக் கையால் சுற்றுங்கள். முழு லிஃப்டில் ரீட்டெய்னருக்கும் சீலுக்கும் நடுவே 0.050 அங்குலமாவது வேண்டும். நிஜ ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றோடொன்று முட்டுவதற்கு முன் 0.060 மிச்சம் இருக்க வேண்டும். சரி, பிஸ்டன்? அது வால்வை நெருங்குவது முழு லிஃப்டில் அல்ல. எக்ஸாஸ்ட் வால்வை டாப் சென்டருக்கு (பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடம்) சுமார் 10 டிகிரி முன்னும், இன்டேக் வால்வை 10 டிகிரி பின்னும் நெருங்கும். இன்டேக்குக்கு 0.080, எக்ஸாஸ்ட்டுக்கு 0.100 குறையாமல் பாருங்கள்.

இதே டயல் கேஜில் இன்னொன்றும் தெரிந்துவிடும். லோப் லிஃப்டையும் வால்வு லிஃப்டையும் அளந்து, வால்வு லிஃப்டை லோப் லிஃப்டால் வகுத்தால் வருவதுதான் உங்கள் உண்மையான விகிதம். தகட்டில் அடித்த கம்பெனி ராக்கர்கள் பல, பெயருக்கு 1.5 என்றாலும் அந்த எண்ணைத் தொடுவதில்லை. அதனால்தான் பழைய தகட்டு ராக்கரைக் கழற்றிவிட்டுத் துல்லியமான 1.5 ரோலர் போட்டாலே சில இன்ஜின்களில் வித்தியாசம் தெரிகிறது.

புஷ்ராடையும் மறக்காதீர்கள். 1.6 ராக்கரில் புஷ்ராட் உட்காரும் குழி ஸ்டட்டுக்குப் பக்கத்தில் வந்துவிடும். ஹெட்டில் உள்ள துளையே புஷ்ராடுக்கு வழிகாட்டும் பழைய ஹெட்டுகளில், அந்தத் துளையின் விளிம்பில் அது உரசும். கழற்றினால் புஷ்ராடில் பளபளவென்று ஒரு கோடு தெரியும். துளையை நீளவாக்கில் மட்டும் பெரிதாக்கலாம். அகலத்தைத் தொட்டால் ராக்கர் பக்கவாட்டில் ஆட ஆரம்பித்துவிடும். அப்புறம், செல்ஃப் அலைனிங் ராக்கரையும் (வால்வு முனையைத் தானே பிடித்துக்கொள்வது) கைடு பிளேட்டையும் (புஷ்ராடுக்கு வழிகாட்டும் தகடு) ஒன்றாகப் போடவே கூடாது.

ஃப்ளாட் டாப்பெட் கேம் (உருளை இல்லாத தட்டையான லிஃப்டர் லோப் மேல் உரசும் வகை) என்றால் இன்னும் யோசிக்க வேண்டும். வால்வு முழுதாகத் திறக்கையில் ஸ்பிரிங் 300 பவுண்டு அழுத்துகிறது என்று வையுங்கள். 1.5-ல் லோப் தாங்குவது 450. 1.6-ல் வால்வு இன்னும் 0.030 இறங்குவதால், அங்குலத்துக்கு 300 பவுண்டு ஸ்பிரிங் 309 ஆகி, லோப் மேல் கிட்டத்தட்ட 494 பவுண்டு. தேய்மானத்தைத் தடுக்கும் துத்தநாகம் குறைவான இன்றைய எண்ணெயில் அந்த லோப் தேயாமல் இருக்குமா என்பதை நினைத்துப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.

புதிதாகக் கேம் வாங்கப் போகிறவர்களுக்கு என் பரிந்துரை, வேண்டிய லிஃப்டைக் கேமிலேயே கேட்டு வாங்கி 1.5-ல் நிற்பது. ரோலர் கேமும் நல்ல ஹெட்டும் ஏற்கெனவே இருந்து, மேலே சொன்ன இடைவெளிகள் எல்லாம் கிடைத்தால் 1.6 தாராளமாகப் போடலாம். இன்ஜினைப் பட்டறைக்குக் கொண்டுவரும்போது கேமோடு வந்த விவர அட்டையான கேம் கார்டையும் எடுத்து வாருங்கள். லோப் லிஃப்ட் அதில் இருக்கும்.