பிரைம் லென்ஸ் 'முதன்மை வில்லை' அல்ல

தைப்பூசம் நெருங்கினால் போதும், மொரீசியஸில் புது டிஎஸ்எல்ஆர் கேமரா வாங்கியவர்கள் எந்த லென்ஸ் எடுக்கலாம் என்று விசாரிக்கத் தொடங்கிவிடுவார்கள். தமிழில் அவர்கள் கைக்கு வரும் குறிப்புகளில், ஜூம் செய்ய முடியாத பிரைம் லென்ஸுக்கு 'முதன்மை வில்லை' என்று போட்டிருக்கிறது. இந்தப் பெயர் தவறு, படிப்பவரின் காசையும் கரைக்கிற தவறு.

வில்லையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். லத்தீனில் லென்ஸ் என்பது மசூர் பருப்பின் பெயர். இருபுறமும் புடைத்த கண்ணாடி அந்தப் பருப்பைப் போல இருந்ததால் பெயர் ஒட்டிக்கொண்டது. நம் ஊர் பிரெஞ்சிலும் 'லாந்தீய்' பருப்பையும் குறிக்கும், வில்லையையும் குறிக்கும். கற்பூர வில்லை, சந்தன வில்லை என்று நாம் சொல்லிவந்த சொல்லை இலங்கைப் பாடநூல்கள் லென்ஸுக்கு எடுத்துக்கொண்டன. நல்ல சொல், அதில் சண்டை இல்லை.

சண்டை 'முதன்மை'யோடுதான். முன்னால் துணை வில்லைகளை மாட்டிப் படமெடுத்த காலத்தில், அடிப்படையான லென்ஸைப் பிரைம் என்றார்கள். காட்சியை அகலமாக்கியும் நெருக்கியும் காட்டும் ஜூம் லென்ஸ் பரவிய பிறகு பொருள் நகர்ந்துவிட்டது. இன்று குவியத்தூரம் (காட்சி எவ்வளவு நெருங்கித் தெரியும் என்பதைச் சொல்லும் மி.மீ. அளவு) ஒன்றே ஒன்றாக உள்ள லென்ஸுக்குத்தான் அந்தப் பெயர். 50 மி.மீ. என்றால் 50தான், திருகி 35 ஆக்க முடியாது. ஆனால் 'முதன்மை வில்லை' என்று படிக்கிறவர், கேமராவோடு பெட்டியில் வந்த 18–55 மி.மீ. லென்ஸ்தான் அது என்று எண்ணுவார். அது ஜூம்! பொருளே தலைகீழாகிவிட்டது. அதை நம்பிக் கோவிலுக்குள் போனால் 55 முனையில் வெளிச்சம் நுழையக் கிடைக்கும் திறப்பு பெரும்பாலும் எஃப் 5.6 (எண் குறையக் குறையத் திறப்பு பெரிது). விலை குறைந்த 50 மி.மீ. பிரைம்கூட எஃப் 1.8 வரை திறக்கும், ஏறத்தாழ பத்து மடங்கு வெளிச்சம். தீபாராதனைத் தட்டு சுற்றும்போது, வெளிச்சம் போதாமல் ஷட்டர் நெடுநேரம் திறந்திருப்பதால் முதலாவதில் தீபம் கோடாக இழுபடும், இரண்டாவதில் சுடர் சுடராக நிற்கும்.

பிரைம் என்ற சொல்லின் பழைய அர்த்தம் அதுதானே, 'முதன்மை' ஏன் கூடாது என்பார்கள். சொல்லின் பழைய வரலாறு வாங்கப் போகிறவருக்கு எதற்கு? தமிழ்நாட்டுக் கணக்குப் புத்தகம் பிரைம் நம்பரைப் 'பகா எண்' என்றது. அதை ஆக்கியவர் ஆங்கிலச் சொல்லைப் பார்க்கவில்லை, எண்ணைப் பார்த்தார். வகுபடாதது, அதனால் பகா எண். நம் மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியைத் திறந்தார்களே தவிர லென்ஸைக் கையில் எடுத்துப் பார்க்கவில்லை.

'நிலைக்குவிய வில்லை' என்று இன்னொன்றும் வைக்கலாம். அதுவும் வழுக்கும். குவியமே (படம் தெளிவாக விழும் தூரம்) நகராத மலிவுக் கேமராக்கள் உண்டு, அவற்றைத்தான் அந்தப் பெயர் குறிக்கும். பிரைம் லென்ஸில் குவியம் நன்றாகவே நகரும், மாறாதது குவியத்தூரம். ஆகவே 'ஒருதூர வில்லை' என்கிறேன். ஜூமுக்குப் 'பலதூர வில்லை'. ஜூமை 'உருப்பெருக்கி' என்பவர்களும் இருக்கிறார்கள். 10–18 மி.மீ. லென்ஸ் எதைப் பெருக்குகிறது? காட்சியை அகலமாக்குகிறது. போதாததற்கு, பூதக்கண்ணாடிக்கு அந்தப் பெயர் ஏற்கெனவே இருக்கிறது.

வாய்ப்பேச்சில் பிரைம், ஜூம் என்றே சொல்லுங்கள், தப்பில்லை. தமிழில் எழுதுவது என்று முடிவெடுத்தால் புரியும்படி எழுத வேண்டும். 1998-இல் மொரீசியஸின் புது ரூபாய் நோட்டில் தமிழ் வரியை இந்திக்குக் கீழே இறக்கியபோது நாம் கொதித்தோம், நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டன. எழுத்து எந்த இடத்தில் நிற்கிறது என்பதற்கு அவ்வளவு அக்கறை காட்டியவர்கள், அந்த எழுத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதையும் கொஞ்சம் கவனிக்கலாம்.

சரி, லென்ஸுக்கு வருவோம். கோர் தெ கார்ட் மலைக்கோவில் படிகளில் காவடி ஏறும்போது பின்னால் நகர இடம் இருக்காது. அங்கே 18இலிருந்து தொடங்கும் பலதூர வில்லை போதும், வெயிலும் தாராளம். சன்னிதிக்குள் நுழையும்போது ஒருதூர வில்லைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். 50 நெருக்கமாகத் தெரிந்தால் 35 வாங்குங்கள்.