கலெக்சிகோவும் மெக்சிகாலியும்: ஊர்ப் பெயர்களை வெட்டி ஒட்டும் விதம்

அமெரிக்கா - மெக்சிகோ எல்லை வேலிக்கு வடக்கே கலெக்சிகோ, தெற்கே மெக்சிகாலி. கலிபோர்னியா, மெக்சிகோ என்ற இரண்டு பெயர்களையும் வெட்டி ஒட்டியதில் பிறந்த ஊர்ப் பெயர்கள் இவை. 1901-இல் கொலராடோ ஆற்றிலிருந்து கால்வாய் வெட்டி இந்தப் பாலைவனத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். மணல்மேடுகள் குறுக்கே நின்றதால், கால்வாய் மெக்சிகோவுக்குள் புகுந்து சுற்றிக்கொண்டு வந்தது. தண்ணீருக்குப் பின்னாலேயே நிலம் விற்பவர்களும் வந்தார்கள். பள்ளத்தாக்குக்கு 'இம்பீரியல்' என்று பெயர் சூட்டியதும் அவர்கள்தான். பாலைவனம் என்று சொன்னால் யார் வாங்குவார்கள்?

சரி, கலெக்சிகோவில் கத்தி எங்கே விழுந்திருக்கிறது? 'மெ' என்ற எழுத்துக்கு உள்ளேயே! 'ம்' போய்விட்டது, 'எ' தங்கிவிட்டது. கலிபோர்னியாவின் 'கல்' வந்து சேர, ல் + எ = லெ. உடல்மேல் உயிர் வந்து ஒன்றும் என்று பள்ளியில் படித்தோமே, அதே சங்கதிதான். அசையின் முதல் மெய்யைக் கழற்றிவிட்டு, உயிரிலிருந்து மீதியை அப்படியே வைத்துக்கொள்வது ஆங்கிலத்தில் வாடிக்கையான வெட்டு. 'பிரேக்ஃபாஸ்ட்' பாதியும் 'லஞ்ச்' பாதியும் சேர்ந்து 'பிரஞ்ச்' ஆனதும் இப்படித்தான். லஞ்சில் 'ல்' மட்டுமே போனது.

மெக்சிகாலி வேறு ரகம். இரண்டு பெயரிலும் தலையை மட்டும் எடுத்திருக்கிறார்கள்: மெக்சி, காலி. தலையைக் கேட்டால் முழுப் பெயரையும் ஊகித்துவிடலாம். வாலை வைத்து ஊகிப்பது கஷ்டம். டெக்சஸ், ஆர்கன்சா மாநிலங்களின் எல்லைக்கோட்டின் மேலேயே இருக்கும் டெக்சர்கானாவைப் பாருங்கள். 'டெக்ஸ்', 'ஆர்க்' இரண்டும் உடனே பிடிபடும். 'ஆனா' லூசியானாவின் வால். ஆனால் இண்டியானாவுக்கும் அதே வால்தான்! போதாக்குறைக்கு, ஊர் லூசியானாவைத் தொடுவதுகூட இல்லை.

நாடுகள் சேரும்போது யார் தலை முதலில் என்பது அரசியலாகவும் ஆகிவிடும். 1964 ஏப்ரல் 26 அன்று டாங்கனிக்காவும் சான்சிபாரும் இணைந்தபோது, முதலில் இரண்டு பெயர்களையும் முழுசாகவே சேர்த்து எழுதினார்கள். அக்டோபர் 29-இல்தான் அது டான்சானியா ஆனது. ஆளுக்கொரு தலை, நாட்டுப் பெயர்களில் பழகிய 'இயா' வால்; 'டான்', 'சான்' என்ற எதுகை வேறு வாய்ப்பாக அமைந்துவிட்டது. சான்சிபார் தன் பெயரையும் தனி அதிபரையும் இன்றும் வைத்திருக்கிறது. டாங்கனிக்கா என்ற பெயர் இப்போது ஏரிக்குத்தான்.