வறண்ட கானாற்றில் பெட்ரோல் கொட்டினால்

"ஆத்துல தண்ணியே இல்லையே சார், மணல் குடிச்சிடும்."

ஓடையிலோ கானாற்றிலோ எரிபொருள் கசிந்த இடத்தில் இதைச் சொல்ல ஒருவராவது இருக்கிறார். ஊர்க்காரர் சொன்னால் பொறுத்துக்கொள்ளலாம். லாரி அனுப்பியவரும் பொறுப்பில் இருப்பவரும் அதையே சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறும்போதுதான் வயிறு எரிகிறது.

மணல் குடிக்காது, வழிதான் விடும். பாலாற்றுப் படுகையில் கிடப்பது பருமணல். பெட்ரோல் தண்ணீரைவிட இளகலானது, அதனால் தண்ணீரைவிட வேகமாக இறங்கும். நிலத்தடி நீர்மட்டத்தைத் தொட்டதும் அதன்மேல் மிதந்து பரவும். அதிலிருக்கும் பென்சீன் என்ற நச்சு வேதிப்பொருள் நீரில் கரைந்து நகரத் தொடங்கும். நம் ஊர்களுக்குக் குடிநீர் தருவது இதே படுகையில் தோண்டிய கிணறுகள்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள். பெட்ரோலில் 1 சதவீதம் வரை பென்சீன் இருக்கலாம், அதாவது லிட்டருக்கு 9 கிராமுக்குச் சற்றுக் குறைவு. குடிநீரில் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். ஆக, ஒரே ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ள பென்சீன் 8 லட்சம் லிட்டர் தண்ணீரைக் கெடுக்கப் போதும். தோல் தொழிற்சாலைக் கழிவால் கிணறுகள் போய், வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று 1996-இல் தீர்ப்பு வாங்கிய வேலூர்ப் பகுதி இது. கெட்ட நிலத்தடி நீர் எளிதில் திரும்பாது என்று வேறு யாராவது வந்து நமக்குச் சொல்ல வேண்டுமா?

உண்மையில் தண்ணீர் ஓடும் ஓடையில்தான் வேலை சுலபம். எண்ணெய் மிதக்கும், கண்ணுக்குத் தெரியும், தடுத்து அள்ளலாம். வறண்ட ஓடையில் ஒவ்வொரு மணி நேரமும் அது கீழே போய்க்கொண்டிருக்கிறது.

அதனால்தான் "தண்ணி அடிச்சுக் கழுவி விடுங்க" என்று தீயணைப்பு வண்டியைக் கெஞ்சாதீர்கள். அது எரிபொருளை இன்னும் ஆழத்துக்குத் தள்ளும். சோப்புத் தூள் கரைத்து ஊற்றுவதும் வேண்டாம். படலம் மறையும், எண்ணெய் மறையாது. நுண்துளிகளாகி, போட்ட தடுப்புக்கு அடியில் நழுவிவிடும். தீயணைப்பு வண்டி அடிக்கும் நுரை ஆவியை அடக்க மட்டுமே. இன்னொன்று, டேங்கர் லாரியில் வருவது எத்தனால் கலந்த பெட்ரோல். சாதாரண நுரை அதன்மேல் நிற்காது, ஆல்கஹால் தாங்கும் நுரை வேண்டும்.

குடம், கேன் தூக்கிக்கொண்டு இறங்குகிறவர்களே, தயவுசெய்து வேண்டாம். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. ஓடைப் பள்ளத்தில் தேங்கும், வளைவு தாண்டியும் ஊர்ந்து போகும். 50 மீட்டருக்குள் யாரும் நிற்கக் கூடாது. பெருங்கசிவு என்றால் காற்று அடித்துச் செல்லும் பக்கம் 300 மீட்டர் வரை ஆட்களை வெளியேற்ற வேண்டும். பைக்கைக்கூட அங்கே ஸ்டார்ட் செய்யாதீர்கள். வாசனை இல்லாத இடத்துக்குப் போய் 112 அல்லது 101-ஐ அழையுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077. கசிந்தது எரிபொருள் குழாய்ப் பாதை என்றால் ஓரத்தில் நிற்கும் அடையாளக் கம்பத்திலேயே தொலைபேசி எண் எழுதியிருக்கும். கம்பத்தின் எண்ணையும் சேர்த்துச் சொல்லுங்கள். வால்வை மூடினாலும் உள்ளே நிற்பது வடியும். 14 அங்குலக் குழாயில் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 90,000 லிட்டர் இருக்கும்.

அக்கம்பக்கத்து மோட்டார்களை நிறுத்தச் சொல்லுங்கள், ஆவி பரவாத தூரத்தில் உள்ள மெயினில். கொட்டிய இடத்துக்குப் பக்கத்தில் சுவிட்சைத் தொட வேண்டாம், பொறி போதும். நிறுத்தச் சொல்வதற்குப் பெரிய காரணம் வேறு. கிணறு இறைக்க இறைக்கச் சுற்றியுள்ள நீரைத் தன் பக்கம் இழுக்கும், கூடவே பெட்ரோலையும். "நாத்து காயுதுங்க" என்பார்கள். புரிகிறது. ஆனாலும் நீர்ப் பரிசோதனை முடிவு வரும்வரை நிறுத்தித்தான் ஆக வேண்டும்.

ஓட்டம் இருந்தால் தடுப்பை எப்போதும் கீழ்ப்போக்கில், வாசனை எட்டாத இடத்தில் போடுங்கள். மணல் மூட்டை அடுக்கி, நீர் வரும் பக்கம் தார்ப்பாய் விரித்து, நடுவே 6 அங்குல பிவிசி குழாய்களைச் சாய்த்து வைக்க வேண்டும். நீர் வரும் பக்க முனை தரையை ஒட்டி இருக்கட்டும், போகும் பக்க முனை உயர்ந்திருக்கட்டும். அடித் தண்ணீர் வெளியேறும், மேலே மிதக்கும் எண்ணெய் நிற்கும். இதைத் தலைகீழாக வைத்து எண்ணெயை முதலில் அனுப்பிவிடுவதுதான் வழக்கமான தவறு. குழாய் போதாமல் தண்ணீர் கரை ஏறினாலும் அதே கதிதான். மிதவைத் தடுப்பு போடும் குழுக்களுக்கு ஒரு சொல்: ஒரு குச்சியை மிதக்க விடுங்கள். 10 மீட்டரை 28 விநாடிக்குள் கடந்தால் ஓடைக்குக் குறுக்கே நேராகக் கட்டாதீர்கள், எண்ணெய் அடியில் போய்விடும். சாய்த்துக் கட்டுங்கள். ஓட்டம் விநாடிக்கு 1 மீட்டர் என்றால், ஓட்டத்தின் திசைக்கும் தடுப்புக்கும் இடையே 20 பாகைக்கு மேல் போனால் தாங்காது.

நனைந்த மணலை அன்றைக்கே அள்ள வேண்டும். ஆனால் ஆவி அளக்கும் கருவி, தீப்பிடிக்கத் தேவையான குறைந்தபட்ச ஆவி அளவில் 10 சதவீதத்துக்குக் கீழே காட்டிய பிறகுதான் ஜேசிபி இறங்கலாம். அள்ளியதைத் தடித்த பிளாஸ்டிக் விரிப்பில் கொட்டி, மழை படாமல் மூடி, அபாயக் கழிவாக அனுப்புங்கள். அஸ்திவாரம் நிரப்ப ஒரு லோடு கேட்டு யாராவது வருவார்கள். கொடுக்காதீர்கள்.

கிணற்று நீரை ஒருமுறை சோதித்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் நீர்மட்டம் ஏறும்போது மணலில் ஒட்டியிருந்தது மறுபடி கிளம்பும். கோடையில் சுத்தமாக இருந்த கிணற்றில் அப்போது வாசனை வந்தால், அந்தத் தண்ணீரில் சோறு வடிக்காதீர்கள், உடனே தகவல் சொல்லுங்கள்.