கவுன்சிலர் – மன்ற உறுப்பினர்

உள்ளாட்சித் தேர்தல் பேச்சு எழுந்தாலே தெருவில் அதிகம் காதில் விழும் சொல் கவுன்சிலர். கிராம ஊராட்சியில் வார்டு மெம்பர் என்பார்கள், ஒன்றியத்துக்கும் மாவட்டத்துக்கும் போனால் அங்கேயும் கவுன்சிலர்தான்.

ஆங்கிலம் வழியாக வந்த சொல், வேர் லத்தீனில் இருக்கிறது. அங்கே ஒலியில் நெருக்கமான இரண்டு சொற்கள் உண்டு. ஒன்றுக்குப் பொருள் ஆட்களை அழைத்துக் கூட்டிய அவை, மற்றதற்கு ஆலோசனை. ஆங்கிலத்துக்கு வந்தபோது இரண்டும் கலந்துவிட்டன. அதனால்தான் மனநல ஆலோசனை சொல்பவரும் நம் காதுக்கு ஏறக்குறைய கவுன்சிலராகவே கேட்கிறார். உள்ளாட்சியில் இருப்பவர் ஆலோசகர் இல்லை, அவையின் உறுப்பினர்.

சரி, தமிழில் என்ன சொல்வது? மாநகராட்சி என்றால் மாமன்ற உறுப்பினர், நகராட்சி என்றால் நகர்மன்ற உறுப்பினர், பேரூராட்சிக்குப் பேரூராட்சி மன்ற உறுப்பினர். பொதுவாக மன்ற உறுப்பினர் என்றாலே போதும். ஒன்றியத்தில் ஒன்றியக் குழு உறுப்பினர், மாவட்டத்தில் மாவட்ட ஊராட்சிக் குழு உறுப்பினர்.

மன்றம், மன்று என்பது ஊர் நடுவே எல்லோரும் கூடும் பொது இடம், வழக்குக் கேட்கும் அவையும் அதுதான். மன்றாடு என்ற சொல்லும் இங்கே பிறந்ததுதான். மன்றில் நின்று தன் வழக்கை எடுத்துப் பேசுவது என்று இருந்த பொருள் தேய்ந்து, இன்று கெஞ்சுவது என்று மட்டும் ஆகிவிட்டது. சாக்கடை அடைப்புக்கும் தெருவிளக்குக்கும் கவுன்சிலர் வீட்டு வாசலில் ஜனங்கள் கைகட்டி நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு அந்தப் பழைய பொருள் திரும்ப வேண்டும் என்றுதான் தோன்றும்.

கணக்குக் கேட்பது நமக்குப் புதிதும் இல்லை. காஞ்சிபுரம் பக்கம் உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) குடவோலை முறையைச் சொல்கின்றன. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரின் பெயரைக் குடத்தில் போடக்கூடாது, அவருடைய நெருங்கிய உறவினர் பெயரையும் போடக்கூடாது என்பது அதில் ஒரு விதி. அது பிராமணர் சபை, நிலமும் வேதப் படிப்பும் உள்ள ஆண்களுக்கு மட்டும் இடம் இருந்தது, ஆகவே அதை மக்களாட்சி என்று கொண்டாட நான் தயாரில்லை. ஆனால் கணக்கு விதி இன்றைக்கும் வேண்டியது.

தேர்தல் வந்தால் அந்தக் கேள்விதான் முதலில் காணாமல் போகிறது. வேட்பாளரின் சாதி, குடும்பம், நிறம், பழைய போட்டோ எல்லாம் வாட்ஸ்அப்பில் சுற்றும். ஐந்து வருஷத்தில் மன்றக் கூட்டத்தில் அவர் என்ன பேசினார், எந்தத் தீர்மானத்தை எதிர்த்தார், வார்டு நிதி எந்தத் தெருவுக்குப் போனது என்று கேட்க ஆள் இருக்காது. தேர்தல் நடத்தை விதிகளும் இதைத்தான் சொல்கின்றன: கொள்கை, திட்டம், கடந்த காலப் பணி இவற்றை விமர்சிக்கலாம், பொதுவாழ்வோடு சம்பந்தமில்லாத சொந்த வாழ்க்கையை இழுக்கக்கூடாது, ஒருவர் வீட்டு முன்னால் போய் ஆர்ப்பாட்டம் செய்யவும் கூடாது. மரியாதையாகப் பேசுவது என்றால் கேள்வியை விழுங்கிக்கொள்வது என்று சிலர் நினைக்கிறார்கள், அது தவறு.

கேட்பதற்கு இடமும் இருக்கிறது. கிராமத்தில் கிராம சபை, நகரத்தில் பகுதி சபை. தமிழ்நாட்டில் பகுதி சபைகள் முதன்முதலில் கூடியது 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று. உங்கள் வார்டில் கடைசியாக எப்போது கூடியது என்று விசாரித்துப் பாருங்கள்.

அப்புறம் ஒன்று. 2016-இல் வந்த சட்டத்திருத்தத்தால் இங்கே உள்ளாட்சியில் பாதி இடங்கள் பெண்களுக்கு. ஆனாலும் பல வார்டுகளில் ஜெயித்த பெண்ணை விட்டுவிட்டு அவர் கணவரைத்தான் கவுன்சிலர் என்று கூப்பிடுகிறார்கள், அவரும் திரும்பிப் பார்க்கிறார். மன்றத்தில் கையெழுத்துப் போடுகிற உரிமை அந்தப் பெண்ணுக்குத்தான். மனுவை அவர் கையில் கொடுங்கள், பதிலையும் அவரிடமே கேளுங்கள்.